சாக்கும் சப்பாத்தும் நங்கூரமும்



மூதூர்ப் பக்கத்துச் சகோதரி ஒருவர் சென்ற மாதம் இந்தப் பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் பகுதியில் வேலை செய்கிறவர். மேற்பார்வை பார்க்கிற பிள்ளைகள் தங்களுக்குள் பேசும்போது 'அவளுக்குச் சாக்', 'இவளுக்குப் பூட்' என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிக்கிறார்களாம். "சாக்கு எண்டா அரிசி கட்டுற சாக்கு. பூட்டு எண்டா கதவிலே போடுற பூட்டு. இதிலே சிரிக்க என்ன இருக்கு? எனக்கும் ஒரு நாள் இது வருமோ எண்டு விளங்கப்படுத்தி எழுதுங்கோ" என்று கேட்டிருந்தார்.

வருமோ வராதோ என்று சொல்ல எனக்குச் சாத்திரம் தெரியாது. சிரிக்க என்ன இருக்கிறது என்பதற்குப் பதில் சொல்லலாம். அதைச் சொல்லிக்கொண்டு போனால் மற்றதற்கும் கொஞ்சம் வெளிச்சம் விழும்.

சாக் என்பது அந்தச் சாக்கேதான். நம் வீட்டுச் சாக்கும் ஆங்கிலேயரின் சாக்கும் உறவுக்காரச் சொற்கள். ஐரோப்பியர் இங்கே வந்திறங்கிய பிறகு நம் வாயில் ஏறிய சொல் இது. முந்திய காலத்தில் ஐரோப்பாவில் தச்சர், கொல்லர், கொத்தர் எல்லாரும் தங்கள் ஆயுதங்களைத் தாங்களே ஒரு பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவார்கள். (ஆயுதம் என்றால் உளி, வாள், சுத்தியல். வேறொன்றையும் நினைக்க வேண்டாம்.) வேலை நடக்கும் வரை பை முதலாளியின் இடத்தில் இருக்கும். ஆள் இனி வேண்டாம் என்றால் பையைத் தூக்கிக் கையில் கொடுப்பார்கள். பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். பிரெஞ்சுக்காரர் இதை முதலிலேயே சொல்லியிருக்கிறார்கள். 1611இல் கொட்கிரேவ் என்பவர் வெளியிட்ட பிரெஞ்சு, ஆங்கில அகராதியில் 'அவனிடம் அவன் பையைக் கொடுத்தாயிற்று' என்ற பொருளில் ஒரு வழக்கு இருக்கிறது. ஆங்கிலேயர் தங்கள் பேச்சில் 'கெற் த சாக்' என்று சொல்லத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்.

தமிழில் சாக்கு என்றால் காரணம் காட்டுவது என்றும் ஒரு பொருள் உண்டல்லவா? சாக்குப்போக்கு என்கிறோம். அது வேறு சொல். ஆனாலும் எந்த முதலாளியும் ஒரு சாக்குச் சொல்லித்தான் இந்தச் சாக்கைக் கொடுக்கிறார் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பூட் என்பது சப்பாத்து. பின்பக்கத்தில் ஓர் உதை. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

'ஃபயர்' என்ற சொல்லைக் கேட்டால் நம் ஆட்கள் இன்றைக்கும் குனிந்து விடுவார்கள். வெடி என்றுதானே அதை நாம் அறிந்தோம். வேலையால் நிற்பாட்டுவதற்கு அதைச் சொல்லத் தொடங்கியவர்கள் அமெரிக்கர், 1880களில். 'டிஸ்சார்ஜ்' என்ற சொல்லுக்கு ஆளை அனுப்பி விடுதல் என்றும் பொருள், துவக்கைச் சுடுதல் என்றும் பொருள். அந்த இரண்டையும் வைத்து யாரோ ஒரு பகிடிக்காரர் 'ஆளை டிஸ்சார்ஜ் பண்ணினார்கள்' என்பதை 'ஆளைச் சுட்டார்கள்' என்று மாற்றி விட்டார். இதே டிஸ்சார்ஜ்தான் ஆசுபத்திரியிலும். அங்கே நாம் 'துண்டு வெட்டியாச்சு' என்கிறோம். ஆசுபத்திரியில் துண்டு வெட்டினால் வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். தொழிற்சாலையில் துண்டு வெட்டினால் அன்றைக்கு அடுப்பு மூட்ட யோசனை.

வெட்டு என்றதும் கோடரி நினைவுக்கு வருகிறது. 'அவனுக்குக் கோடரி விழுந்தது' என்றும் ஆங்கிலத்தில் சொல்வார்கள். முதலாம் உலகப் போர் முடிந்து பிரித்தானிய அரசின் கையில் பணம் இல்லாதபோது, செலவைக் குறைக்க சேர் எரிக் கெடிஸ் தலைமையில் 1921இல் ஒரு குழு போட்டார்கள். 1922இல் அதன் அறிக்கைகள் வந்தன. கடற்படை அதிகாரிகள் உட்படப் பலர் வீட்டுக்குப் போனார்கள். 'கெடிஸ் கோடரி' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. இதே கெடிஸ் 1917 முதல் 1919 தொடக்கம் வரை கடற்படைக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தவர். தான் நின்ற மரத்தையே வெட்டிய கோடரி. நமக்கு இந்த வெட்டு புதிதில்லை. 'நிவாரணத்தில் பேரை வெட்டிப் போட்டாங்கள்' என்று முகாமில் சொல்லாத பெண் யார்?

நம் பேச்சிலும் இப்படிச் சொற்கள் நிறைய இருக்கின்றன. சீட்டுக் கிழிஞ்சுது என்கிறோம். கல்தா குடுத்திட்டாங்கள், நடையைக் கட்டச் சொல்லிட்டாங்கள், கழட்டி விட்டிட்டாங்கள், கலைச்சு விட்டிட்டாங்கள், ஓரங்கட்டியாச்சு, கையைக் கழுவியாச்சு, தண்ணி தெளிச்சு விட்டாச்சு. ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி இருக்கிறது. கையைக் கழுவினவர் தெரிகிறார், தண்ணி தெளித்தவரின் செம்பு தெரிகிறது. இந்தச் சொற்களை உண்டாக்கியவர்கள் முதலாளிமார் இல்லை என்பது என் எண்ணம். பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியவனும் அவனுடைய கூட்டாளிகளும் உண்டாக்கியவை. வெட்கத்தைப் பொறுக்க ஒரு சிரிப்பு வேண்டியிருந்தது. வேலை போன ஒருவன் 'எனக்கு உதை விழுந்தது' என்று தன்னைத்தானே பகிடி பண்ணினால், மற்றவர் பகிடி பண்ண இடமில்லை. மேற்பார்வையாளர் அதைச் சொல்லிச் சிரிக்கும்போது அது வேறு சிரிப்பாகிவிடுகிறது. சகோதரிக்குக் குத்தியது அதுதான் என்று நினைக்கிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்கிற நாம் கப்பல்காரரின் சொற்களை விட்டுவிட்டுப் போக முடியாது. இந்த வகைச் சொற்களில் ஒரு பெரிய பங்கு கடலில் இருந்து வந்தது.

'ஹீவ் ஹோ' என்று ஒன்று. பாய்க்கப்பல் காலத்தில் நங்கூரத்தையோ வடத்தையோ இழுக்கும்போது எல்லாரும் சேர்ந்து போடுகிற சத்தம் அது. நம் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடி ஏலேலோ என்று இழுப்பது போல. அந்தச் சத்தம் பிறகு 'அவனுக்கு ஹீவ் ஹோ கொடுத்தார்கள்', அதாவது தூக்கி வெளியே போட்டார்கள் என்று மாறிவிட்டது. சேர்ந்து இழுக்கிற சத்தம் எப்படி ஒருவரைத் தள்ளுகிற சொல்லானது என்று பாருங்கள். நம் ஏலேலோவுக்கு அந்தக் கதி வரவில்லை.

'உன் கொக்கியைத் தூக்கிக் கட்டு' என்று இன்னொன்று. கொக்கி என்றால் நங்கூரம் என்று சிலர் சொல்வர், இல்லை என்பாரும் உண்டு. எப்படியானாலும் பொருள் 'இடத்தைக் காலி பண்ணு' என்பதுதான். 'ஹை அன்ட் ட்றை' என்பது வற்றுக் காலத்தில் தண்ணீர் இறங்கிப்போக, கப்பல் தரையில் தட்டி நிற்பது. கைவிட்டு நிர்க்கதியாக்குவதற்கு அதைச் சொல்வார்கள். இங்கிலாந்தில் சில துறைகளில் கடல் பல அடி ஏறி இறங்கும். நம் துறைமுகத்தில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே இந்த உவமை நமக்குக் கண்ணால் கண்டு விளங்காது. அனுபவத்தில் விளங்கும்.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது 'பெயிட் ஓஃப்' என்ற சொல். கூலி தீர்த்து அனுப்புதல். பிரித்தானியக் கடற்படையில் பழைய காலத்தில் மாலுமிக்குச் சம்பளம் மாதா மாதம் கிடைக்காது. கப்பலின் தவணை முடிந்து ஊர் திரும்பிய பிறகே மொத்தமாகக் கொடுப்பார்கள். அன்றைக்குக் கப்பலில் மிக நீளமான ஒரு கொடியை ஏற்றிக்கொண்டு வருவார்கள். மாலுமிக்கு அது பெருநாள். பணம் கையில், வீடு பக்கத்தில். அந்தச் சொல்லே பின்னர் கரையில் உள்ள தொழிலாளியைக் கணக்கு முடித்து அனுப்புவதற்கும் வந்தது. கரைத் தொழிலாளிக்கு அந்தக் கொடி இல்லை.

1795இல் பிரித்தானியர் திருகோணமலையை ஒல்லாந்தரிடம் இருந்து பிடித்தார்கள். அதன் பின் இந்தத் துறைமுகம் அவர்களுடைய கடற்படைத் தளம். இரண்டாம் உலகப் போரில் இங்கே கூட்டம் கூடியது. 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. அந்தக் காலத்திலும் அதன் பிறகும் டொக்யாட்டில் வேலை செய்த குடும்பங்கள் இங்கே ஏராளம். நாட்டுக்குச் சுதந்திரம் 1948இல் வந்தாலும், 1947இல் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையின்படி தளம் அவர்கள் கையிலேயே இருந்தது. 1956இல் பிரதமரான பண்டாரநாயக்கா அதைத் திருப்பிக் கேட்டார். 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி தளம் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்நியக் கொடி இறங்கியது நல்லது என்பதில் எனக்கு மறுகருத்து இல்லை. ஆனால் அந்தக் கொடியின் கீழே சுத்தியல் பிடித்தவர்களுக்கு என்ன ஆனது? மாலுமிகள் கப்பலேறி ஊருக்குப் போனார்கள். கரையில் நின்றவர்களில் 400க்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் வேலையும் இடமும் இல்லாமல் ஆனார்கள். அவர்களைப் பொலநறுவை மாவட்டத்தில் குடியேற்றலாம் என்று ஒரு யோசனை வந்தது. அங்கே இருந்த சிங்கள மக்கள் சிலர் அதை எதிர்த்துக் கும்பல் சேர்ந்தார்கள். 1958 மே மாதக் கலவரத்துக்கு முன்னிருந்த கொதிப்பில் இதுவும் ஒன்று என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஓர் இடத்தில் கணக்கு முடித்து அனுப்பினார்கள், போக இருந்த இடத்தில் வராதே என்றார்கள். இரண்டு தள்ளல். புத்தகங்களில் தொழிலாளர் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த வீடுகளில் அன்றைக்கு உலை வைத்த பெண்களைப் பற்றி நான் எங்கும் ஒரு வரி வாசித்ததில்லை.

வேலையை விட்டு வீட்டுக்குள் வந்தாலும் இதே வகைச் சொற்கள் உண்டு. 'கோல்ட் ஷோல்டர்', குளிர்ந்த தோள். முகம் கொடுக்காமல் தோளைத் திருப்புவது. சேர் வோல்டர் ஸ்கொட் 1816இல் எழுதிய நாவலில் இது வருகிறது. விருப்பமில்லாத விருந்தாளிக்கு ஆறிப்போன ஆட்டிறைச்சி கொடுத்ததால் வந்தது என்று சொல்லப்படும் கதைக்கு ஆதாரம் இல்லை. 'டியர் ஜோன்' கடிதம் என்பது இரண்டாம் உலகப் போரில் போர்முனையில் நின்ற அமெரிக்கச் சிப்பாய்க்கு, ஊரில் இருந்த பெண் 'இனி நம் உறவு வேண்டாம்' என்று எழுதியது. சண்டைக்குப் போனவனைப் பெண் கைவிட்டாள் என்பதற்கு அவர்களிடம் தனிச் சொல் இருக்கிறது.

நம் பக்கத்தில் விண்ணப்பப் படிவங்களில் இருப்பது வேறு சொல். 'கணவனால் கைவிடப்பட்டவர்'. சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில், கணவர் காணாமற்போன ஒரு பெண்ணிடம் அந்தக் கட்டத்தில் அடையாளம் போடச் சொன்னார்கள். வேறு கட்டம் இல்லை, இதுதான் கிட்ட வருகிறது என்றார்கள். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "அவர் என்னைக் கைவிடேல்லை. அவரைக் கொண்டு போனவங்கள்." பக்கத்தில் நின்ற எனக்கு வாய் திறக்கவில்லை. கடைசியில் அந்த உத்தியோகத்தர் கட்டத்துக்கு வெளியே கையால் ஒரு வரி எழுதிக்கொண்டார்.

ஆகவே மூதூர்ச் சகோதரியே, சிரித்துச் சொல்லுகிற சொல்லை விட, எழுத்தில் வருகிற சொல்லைக் கவனியுங்கள். சாக், பூட், கோடரி எதுவும் கடிதத்தில் வராது. கடிதத்தில் வருபவை மெத்தென்று இருக்கும். 'வி ரிகிரெட்' என்று தொடங்கும். வருந்துகிறோம் என்று பொருள். நம் ஊரில் துக்கம் விசாரிக்க வருகிறவர் முற்றத்தில் ஐந்து நிமிடமாவது நிற்பார். இந்த வருத்தம் முத்திரையோடு தபாலில் வந்துவிடும்.

அதில் மூன்று சொற்களை அறிந்து வைத்திருக்க வேண்டும்.

'வெக்கேஷன் ஒஃப் போஸ்ட்'. வெக்கேஷன் என்றால் விடுமுறை என்று பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். இப்படி வந்த ஒரு கடிதத்தை லீவுக் கடிதம் என்று நினைத்து ட்றங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தவரை எனக்குத் தெரியும். இதன் பொருள் 'நீங்களாகவே பதவியை விட்டுப் போய்விட்டீர்கள்' என்பது. யாரும் உங்களை நீக்கவில்லையாம், நீங்கள்தான் வரவில்லையாம். 2006இல் மூதூரிலும் சம்பூரிலும் சண்டை நடந்து, சனம் கந்தளாய்க்கும் மட்டக்களப்புக்கும் ஓடிய நாட்களில் யார் வேலைக்குப் போயிருக்க முடியும்? இந்த விடயத்தில் நம் நாட்டு நீதிமன்றங்கள் ஒரு நல்ல விதியைச் சொல்லியிருக்கின்றன. ஆள் வரவில்லை என்பது மட்டும் போதாது, வேலையை விட்டுவிடும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும். எனவே இப்படிக் கடிதம் வந்தால் உடனே பதில் எழுதுங்கள். ஏன் வர முடியவில்லை, இப்போதும் வேலைக்கு வரத் தயார் என்று எழுதுங்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதம், முகாம் பதிவு, கிளினிக் அட்டை எது இருந்தாலும் பிரதி எடுத்துச் சேருங்கள். உங்கள் பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

'டெர்மினேஷன்' என்றால் முடிவுறுத்தல். கேட்கப் பயங்கரமாக இருக்கும். உண்மையில் மூன்றிலும் நேர்மையான சொல் இதுதான். நீக்கினோம் என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். அதற்கு எதிராகத் தொழில் நியாயசபைக்குப் போகலாம். வேலை நின்ற நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாட்களாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் சும்மா நீக்க முடியாது. தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும், அல்லது தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கர்ப்பமாக இருப்பதைக் காரணம் காட்டி நீக்குவதும் சட்டப்படி கூடாது.

அந்த 'எழுத்து மூலச் சம்மதம்' என்ற இடத்தில்தான் மூன்றாவது சொல் நுழைகிறது. 'ரிசைன்'. நானாகவே விலகுகிறேன். மிக மரியாதையான சொல். ஒரு தட்டச்சுத் தாளை நீட்டி, இதில் கையெழுத்து வைத்தால்தான் காசு தருவோம் என்பார்கள். காசு வாங்கிய பற்றுச்சீட்டு என்று நினைத்து வைத்துவிட்டு வருகிறோம். வைத்த பிறகு நீக்கினார்கள் என்று சொல்ல நம் கையில் ஒன்றும் இருக்காது. நாமே அல்லவா போனோம்! பூட் என்று சொல்லி உதைத்திருந்தால்கூட வழக்குப் பேச இடமிருந்திருக்கும்.

காசுக்கு இந்தக் கையெழுத்து தேவையில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் உங்கள் பெயரிலேயே கிடக்கிறது. நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் போட வேண்டும். 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால் பணிக்கொடையும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், 30 நாளுக்குள் தர வேண்டும். நீங்களே விலகினாலும் சரி, அவர்கள் நீக்கினாலும் சரி, இது உங்கள் காசு. மூன்றும் 'விலகல் கடிதம் தந்தால்தான்' என்று கட்டி வைக்கக்கூடியவை அல்ல.

விளங்காத மொழியில் எழுதிய தாளில் உடனே கையெழுத்து வைக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. பிரதி தாருங்கள், வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். தரமாட்டோம் என்றால் அதுவே ஒரு தகவல். கடிதத்தை ஏற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டால் 'கடிதம் பெற்றேன்' என்று தமிழில் எழுதி, திகதியும் போட்டு, அதன் கீழே வையுங்கள். அரச அலுவலகம் என்றால் இன்னும் இலேசு. 1987, 1988ஆம் ஆண்டுகளின் அரசியலமைப்புத் திருத்தங்களின்படி தமிழும் அரச கரும மொழி, கிழக்கு மாகாணத்தில் நிர்வாக மொழியும் அதுவே. உங்களுக்கு வரும் கடிதத்தைத் தமிழில் கேட்பது உதவி கேட்பதாகாது. தனியார் தொழிற்சாலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கேதான் இந்த மூன்று சொற்களையும் எழுத்துக்கூட்டியாவது அடையாளம் கண்டு வைத்திருக்க வேண்டும். விளங்காவிட்டால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதத்தைக் கொண்டு போய்க் காட்டுங்கள். உறையையும் எறிந்துவிட வேண்டாம். தபால் முத்திரையில் உள்ள திகதி ஆறு மாதக் கணக்குக்கு உதவும்.

வேலையால் விலத்துவதற்கு உங்கள் பக்கத்தில் வேறு சொல் இருந்தால் எழுதி அனுப்புங்கள். கிண்ணியாவில் ஒன்று சொல்வார்கள், குச்சவெளியில் வேறொன்று சொல்வார்கள். கரைவலைத் துறையில் ஓர் ஆளை இனி வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்கள் என்று அறிய எனக்கு ஆசை. வருபவற்றில் நல்லவற்றை இந்தப் பக்கத்திலேயே போடுவோம். அடுத்த மாதம் நுண்கடன்காரரின் புத்தகத்தில் வரும் சொற்களைப் பார்ப்போம். கடன் அட்டை வைத்திருக்கும் சகோதரிகள் அதில் விளங்காத சொற்களை இப்போதே குறித்து வையுங்கள்.